பாஞ்சோ யாருடைய வாத்தியம்?

ஆசிரியருக்கு,

போன இதழில் அமெரிக்க நாட்டுப்புற இசை பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி வெள்ளை விவசாயிகளின் சொந்த வாத்தியமாம். இல்லை சார். சில வருஷங்களுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் எழுதியவர்மேல் கோபமில்லை.

என் நினைப்பு மாறியது ஒரு கண்காட்சியில். அமெரிக்காவில் மகளோடு சில மாதம் தங்கப் போயிருந்தபோது, சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் அந்நாட்டு அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனின் 'நியூ ஹார்மனீஸ்' வந்திருந்தது. அமெரிக்க வேர் இசை பற்றியது, அதாவது ப்ளூஸ், கன்ட்ரி, காஸ்பல் என்னும் தேவாலயப் பாட்டு, லூசியானாவின் சைடிகோ என்னும் ஆட்ட இசை, டெக்சஸ் மெக்சிகர்களின் பாட்டு எல்லாம். பெரிய அருங்காட்சியகம் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கென்றே, அந்தந்த மாநிலத்து அமைப்புகளோடு சேர்ந்து கண்காட்சியைப் பெட்டிகளில் அனுப்புகிறார்கள். ஊர்க்காரர்கள் பிரித்து நிறுத்திக்கொள்வதோடு தங்கள் பங்குக்கும் ஏதாவது வைக்கலாம். யாரோ தாத்தா காலத்து அக்கார்டியனைக் கொண்டுவந்து வைத்திருந்தார், துருத்தி கிழிந்துபோய். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது!

அங்கே பிடித்த கிறுக்கில் அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். பழைய பாஞ்சோ என்பது சுரைக்குடுக்கையில் தோலை இழுத்துக் கட்டியது. அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்கள் ஊர் வாத்தியங்களை நினைவில் வைத்து வந்த இடத்தில் செய்துகொண்டது. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்று ஒன்று இன்னும் இருக்கிறது, அதிலும் குடுக்கை, தோல், கட்டைவிரலுக்கென்று குட்டையாக ஒரு தந்தி; பாஞ்சோவின் ஐந்தாவது தந்தியைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சனே 18ஆம் நூற்றாண்டில், இது அடிமைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று எழுதி வைத்திருக்கிறார், அவரே அடிமைகளை வைத்திருந்தவர்.

சரி, பிறகு எப்படி அது வெள்ளையர் வாத்தியமாகிப்போனது? 19ஆம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிய வெள்ளைக்காரக் கூத்துக்காரர்கள் அதை மேடையேற்றினார்கள். மலைப்பகுதி வெள்ளையர்கள் கறுப்பர்களிடமிருந்து நேரடியாகவும் கற்றார்கள். மிச்சத்தை இசைத்தட்டு வியாபாரிகள் முடித்தார்கள். 1920இல் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித்தின் ப்ளூஸ் தட்டு சக்கைப்போடு போட்டதும், கறுப்பர்கள் வாங்க 'ரேஸ்' தட்டுகள் என்றும் வெள்ளையர்கள் வாங்க 'ஹில்பில்லி' என்றும் கடைச்சரக்கைப் பிரித்துவிட்டார்கள். பாடினவர்கள் அப்படிப் பிரிந்து இருந்தார்களா என்றால், இல்லை.

நீங்கள் அரைப்பக்கத்துக்குப் படம் போட்ட, கன்ட்ரி பாடிய வெள்ளையரான கார்ட்டர் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1927இல் டென்னசி, வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டலில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் அந்தக் குடும்பத்தைப் பதிவு செய்ததைக் கட்டுரை சொல்கிறது, சரிதான். லெஸ்லி ரிடில் எங்கே போனார்? விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பின கிட்டார் கலைஞர். புதுப் பாட்டுத் தேடி அந்தக் குடும்பத்தின் ஏ.பி.கார்ட்டர் ஊர் ஊராகப் போனபோது கூடவே போனவர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை மனசில் ஏற்றிக்கொண்டு வருவது ரிடில். வீட்டில் அந்தக் குடும்பத்தில் கிட்டார் வாசித்த மேபெல் கார்ட்டர் ரிடிலின் விரல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதும் உண்டு. தட்டில் ரிடில் பெயர் வரவில்லை. 1960களில் நாட்டுப்புற இசைக்கலைஞர் மைக் சீகர் தேடிப் போய்ப் பதிவு செய்யும்வரை வெளியே யாருக்கும் அவரைத் தெரியாது.

கண்காட்சிக்குப் பெயர் என்னவோ ஹார்மனி. அந்த ஒற்றுமைக்குள் யார் யார் பெயர் அமுங்கிப்போயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னால்தானே கணக்கு சரியாகும்? அடுத்த இதழில் பாஞ்சோ வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் ரிடிலின் படமும். அரைப்பக்கம் வேண்டாம், கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
பல வருஷத்து வாசகன், திருச்சி