பழைய சால்களில் பூக்கும் உப்பு குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், கீழக்கரையிலிருந்து வணக்கம்.

எங்களிடம் பழைய சால்களும் (பெரிய மண்பாண்டங்கள்) பானைகளும் வாங்கிச் சென்றவர்களில் சிலர், மதுரைக்கோ கோவைக்கோ கொண்டுபோன சில மாதங்களில் அவற்றின்மேல் வெள்ளைப் பொடி படர்வதாகவும், தொட்ட இடத்தில் மண் செதிலாக உதிர்வதாகவும் தெரிவித்திருந்தீர்கள். அது பூஞ்சையன்று, உப்பு.

கண்மாய்க் களிமண்ணோடு மணல் சேர்த்துப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, பலகையால் தட்டி உருவேற்றி, விறகும் வைக்கோலும் இட்ட சூளையில் இப்பகுதி வேளார்கள் சுட்டெடுத்த பாண்டங்கள் இவை. அந்தச் சூட்டில் மண் கெட்டிப்படுமே தவிர, அதன் நுண்துளைகள் அடைபடுவதில்லை. தண்ணீர்ப் பானை குளிர்ச்சி தருவதும் இத்துளைகளால்தான். மீனுக்கு உப்பிட்ட சால் பல ஆண்டுகளாக உப்பைக் குடித்து வைத்திருப்பதும் இவற்றால்தான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துக் கரைகிறது. அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகிறது. கடற்காற்றில் பெரும்பாலும் கசிந்தே கிடந்த உப்பு, உலர்ந்த ஊருக்குப் போனதும் மேற்பரப்புக்கு வந்து உறைகிறது. அப்படி வளரும் படிகம் துளையின் சுவரை நெருக்கிப் பிளப்பதால்தான் செதில் உதிர்கிறது.

ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளேயே போகும். வார்னிஷ் பூசுவது அதைவிடக் கேடு. அதன் அடியில் படிகம் வளர்ந்து, மேல்தோலையே பெயர்த்துவிடும். ஆகவே, உதிராத பாண்டமாயின் உலர்ந்த மென்தூரிகையால் பொடியை நீக்கி, மழைநீரிலோ நல்ல தண்ணீரிலோ முழுக அமிழ்த்தி, நாள்தோறும் நீரை மாற்றி இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து, பின் நிழலில் மெல்ல உலர்த்துங்கள். உவர்நீர் கூடவே கூடாது. ஏற்கெனவே உதிரத் தொடங்கியதை நனைக்காமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

பதநீர்க் கலயம் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அதன் உட்புறத்து வெண்மை, பதநீர் புளிக்காதிருக்கப் பனையேறிகள் தடவிய சுண்ணாம்பு. பாண்டத்துக்கு அதனால் தீங்கில்லை. எந்தப் பனையில் எத்தனை காலம் தொங்கியதோ, அந்த உழைப்பின் தடம் அது ஒன்றே. தயவுசெய்து சுரண்டாதீர்கள், வினிகர் ஊற்றிக் கரைக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் விற்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் பிழை, அதற்காக வருந்துகிறோம். இனி உப்பேறிய சால் எதையும் ஊறவைத்து உலர்த்திய பிறகே அனுப்புவோம். அதனால் ஒரு மாதம் வரை தாமதமாகலாம், விலை உயராது. சாலில் முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்பதை, அதை எங்களுக்குத் தந்த வீட்டாரிடம் கேட்டறிந்து, விற்பனைச் சீட்டிலும் எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
கடையினர்