பழைய டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சாம்ப்ளர் கீபோர்டில் (சத்தங்களைப் பதிந்து வைத்து, கட்டைகளில் வாசிக்க வைக்கும் கருவி) இருக்கும் ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, பென்டிரைவைச் செருகினால் ஃபிளாப்பி டிரைவ் போலவே நடிக்கும் எமுலேட்டரை மாட்டிக்கொள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம்கூட ஒரு நாளிதழ் எழுதுகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு ஸ்க்ரூ, இரண்டு கேபிள், வேலை முடிந்தது, பழைய டிரைவைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று முடித்திருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஆட்சேபம். அதை நம்பி யாராவது வேலையில் இறங்கினால் கீபோர்டு பிழைத்துவிடும், அதற்குள் ஒருவர் பல வருடம் பதிந்து சேர்த்த சத்தங்கள் போய்விடும்.

என்சோனிக் மிராஜ், ஈபிஎஸ், ஈமியூ எமாக்ஸ் மாதிரி 80களில் வந்த சாம்ப்ளர்களை நிறுத்தினால் நினைவகத்தில் இருப்பது அத்தனையும் காலி. அடுத்த முறை போடும்போது சத்தம் மட்டுமல்ல, கருவியை நடத்தும் மென்பொருளே ஃபிளாப்பியிலிருந்துதான் ஏறியாக வேண்டும். அந்த டிஸ்க் கெட்டுப்போனால் கட்டையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கம்பெனி கொடுத்த டிஸ்க்குகளின் இமேஜ் கோப்புகளை (முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுத்த கணினிக் கோப்பு) யாராவது சேமித்து வைத்திருப்பார்கள், தேடினால் கிடைக்கும். சொந்தமாகப் பதிந்ததை எங்கே போய்த் தேடுவது? எமுலேட்டர் தன் பங்குக்கு எதையும் கொண்டு வராது. டிஸ்க்கில் இருப்பதை இமேஜாக மாற்றி நாம் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால்தான் அது வாயைத் திறக்கும்.

அதனால் முதல் வேலை டிஸ்க்குகளைப் படித்து எடுப்பது. இங்கே பலரும் செய்வது என்னவென்றால், ஒரு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவை வாங்கி வந்து கணினியில் செருகுவது. அது 720 கேபி, 1.44 எம்பி என்று கணினி உலகத்து வடிவங்களோடு நின்றுவிடும். மிராஜ் டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் எழுதும், ஒவ்வொரு டிராக்கிலும் (தகவல் எழுதும் வட்டப்பாதை) 1024 பைட்டில் ஐந்து செக்டார் (அந்தப் பாதையின் ஒரு துண்டு), அப்புறம் 512 பைட்டில் ஒன்று, 80 டிராக்குக்கும் சேர்த்து 440 கேபி. ஈபிஎஸ் இரண்டு பக்கமும் எழுதும், டிராக்குக்கு பத்து செக்டார், மொத்தம் 800 கேபி. இந்த டிஸ்க்கைப் பார்த்ததும் விண்டோஸ் ஒன்றும் புரியாமல் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதற்கென்றே கிரீஸ்வீசில் என்று ஒரு சின்ன போர்டு இருக்கிறது. அதை உருவாக்கியவர் கெயர் ஃபிரேசர். அது செக்டார் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை, காந்தப் பரப்பில் துடிப்புகள் எந்த இடைவெளியில் வருகின்றனவோ அதை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடும், அது எந்த வடிவம் என்று பிறகு சாவகாசமாகப் பிரித்துக்கொள்ளலாம். எந்த 3.5 அங்குல டிரைவை இணைத்தாலும் பெரும்பாலும் நடக்கும். சிக்கல் எப்போது வருகிறதென்றால், சாம்ப்ளரின் டிரைவில் டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட் வருடக்கணக்கில் கொஞ்சம் இடம் நகர்ந்துபோயிருந்து, அந்த நகர்ந்த ஹெட்டாலேயே டிஸ்க்குகளை எழுதியிருக்கும்போது. அந்த டிஸ்க்கை நல்ல டிரைவில் போட்டால் பிழை பிழையாக வரும், எழுதிய அதே டிரைவில் போட்டால் ஒழுங்காகப் படிக்கும். அப்படிப்பட்ட டிரைவைத்தான் நீங்கள் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள்!

டிஸ்க்கை உள்ளே தள்ளும் முன் அதன் உலோகத் தகட்டை ஒரு பக்கமாக நகர்த்தி, நடுவில் இருக்கும் வட்டைக் கையால் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் நல்லது. வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே டிரைவில் விட்டால் ஹெட்டில் அப்பிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல டிஸ்க்கிலும் வட்டமாகக் கீறல் போட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டை அவ்வப்போது துடைத்துக்கொண்டே போக வேண்டும், அழுத்தித் துடைத்தால் ஹெட் வளைந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது உத்தமம்.

சரி, படித்து முடித்தாயிற்று, எமுலேட்டருக்கு வருவோம். எல்லோரும் வாங்குவது கோட்டெக். கடையிலிருந்து வரும்போது அதன் மென்பொருள் கணினிக்கான 1.44 எம்பி டிஸ்க் போல மட்டுமே நடிக்கும் (அந்த மாடலின் பெயரிலேயே அது இருக்கிறது, எஸ்எஃப்ஆர்1எம்44). அதை ஈபிஎஸ்ஸில் அப்படியே மாட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் அந்த மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, மாற்ற வேண்டும். அதே கெயர் ஃபிரேசர் எழுதிய ஃபிளாஷ்ஃபிளாப்பி இலவசம், எச்எக்ஸ்சி என்று இன்னொன்றும் இருக்கிறது. முதல் தடவை மட்டும் போர்டில் இரண்டு முனைகளைச் சேர்த்து ஜம்பர் போட்டு கணினியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு புதிய பதிப்பு வந்தால் பென்டிரைவில் போட்டு, இரண்டு பட்டன்களையும் அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் தானாக ஏறிக்கொள்ளும்.

கட்டுரை தொடவே தொடாத விஷயம், டிரைவைக் கருவியோடு இணைக்கும் 34 கம்பி ரிப்பன் கேபிளில் எல்லாக் கருவியும் ஒரே பாஷை பேசுவதில்லை என்பது. 34ஆவது கம்பியில் கணினி எதிர்பார்ப்பது ‘டிஸ்க் மாறிவிட்டது’ என்ற தகவல், ஷூகார்ட் என்ற பழைய இணைப்பு முறைப்படி கட்டிய கருவி அதே கம்பியில் எதிர்பார்ப்பது ‘டிரைவ் தயார்’ என்ற தகவல். இது மாறிப்போனால் எமுலேட்டரில் எண் அழகாகத் தெரியும், சாம்ப்ளர் மட்டும் டிஸ்க் இல்லை என்று சாதிக்கும். எத்தனை பேர் இந்த இடத்தில் எமுலேட்டரே பழுது என்று முடிவு கட்டுகிறார்கள் தெரியுமா? ஃபிளாஷ்ஃபிளாப்பியில் பென்டிரைவில் ஒரு சின்ன எழுத்துக்கோப்பு போட்டு இதை மாற்றலாம், அக்காய் எஸ்950 சாம்ப்ளருக்கென்றே தனியாக ஒரு அமைப்புகூட அதில் இருக்கிறது. கேபிளைத் தலைகீழாகச் செருகாமல் இருக்க ஓரத்துச் சிவப்புக் கோடு முதல் கம்பி என்று நினைவில் வையுங்கள், கழற்றும் முன் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். மின் இணைப்பில் கோட்டெக்குக்கு 5 வோல்ட் போதும். 12 வோல்ட் கம்பி வழக்கமான இடத்தில்தான் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருக வேண்டும், ஏனென்றால் சில கருவிகளில் அந்தக் காலத்து வயரிங் அவரவர் இஷ்டத்துக்கு இருக்கும். பிளக்கைப் பிடுங்கியதும் உடனே உள்ளே கை விடாதீர்கள், மின்சாரப் பகுதியின் கெபாசிட்டர்களில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும்.

இன்னொன்று, எமுலேட்டர் மாட்டினால் சத்தங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறும் என்று எழுதியிருந்தீர்கள். ஏறாது. சாம்ப்ளரைப் பொறுத்தவரை எதிரில் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் ஒரு டிஸ்க் இருக்கிறது, எமுலேட்டரும் அதே வேகத்தில்தான் தகவலைக் கொடுத்தாக வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.2 வினாடி, இரண்டு பக்கமும் சேர்த்து 160 டிராக், ஒரு முழு டிஸ்க்குக்கு எப்படிப் பார்த்தாலும் அரை நிமிடத்துக்கு மேல். வேகம் வேண்டுமென்றால், ஏஎஸ்ஆர்-10 மாதிரி எஸ்சிஎஸ்ஐ வசதி (ஹார்ட் டிஸ்க் இணைக்கும் வழி) போட முடிகிற கருவியாக இருந்து, அந்த வழியில் போக வேண்டும், அது தனிக் கதை. எமுலேட்டரின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பெல்ட் உருகாது, ஹெட் அழுக்காகாது, ஒரு பெட்டி நிறைய டிஸ்க் ஒரே பென்டிரைவில் அடங்கும், அந்தப் பென்டிரைவை அப்படியே கணினியில் நகல் எடுத்துக்கொள்ளலாம். சோனி நிறுவனமே ஃபிளாப்பி விற்பனையை 2011இல் நிறுத்திவிட்ட பிறகு, இந்த வசதியைச் சின்னது என்று சொல்ல மாட்டேன். டிரைவின் கடகட சத்தம் இல்லாமல் கைகால் ஓடாதவர்களுக்கு, அந்தச் சத்தத்தையும் எழுப்ப ஒரு ஸ்பீக்கர் இணைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள்! நானும் மாட்டியிருக்கிறேன், வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை.

முகப்பு பொருந்தவில்லை என்று கீபோர்டின் உடலை அறுப்பதும் வேண்டாத வேலை. கோட்டெக் 3.5 அங்குல டிரைவின் அளவுதான், ஆனால் பட்டன்களும் சின்னத் திரையும் சாம்ப்ளரின் ஓட்டைக்கு நேராக வராமல் போகலாம். அதற்கு 3டி பிரிண்டரில் அச்சிட்ட முகப்புகள் கிடைக்கின்றன. பழைய டிரைவை நிலைமின்சாரம் தாக்காத பையில் போட்டு, அதன் ஸ்க்ரூக்களையும் அதோடு கட்டி, எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டி வைத்துவிடலாம். நாளைக்கு அலமாரியின் அடியில் இன்னும் நான்கு டிஸ்க் கிடைத்தால் அவற்றைப் படிக்க அதுதான் வேண்டியிருக்கும்.

கட்டுரையில் மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள், அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
பழைய கீபோர்டுகளோடு மல்லுக்கட்டும் ஒரு வாசகர்