புரோகிராம் எழுதும் உங்கள் டெவலப்மென்ட் டூலின் விண்டோ அளவுக் குழப்பம் தொடர்பான முறைப்பாடு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே முறைப்பாட்டை ஈமெயிலில் எழுதி, சாட்டில் எழுதி, கோலில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இப்போது கடிதமாக அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு புது டிக்கெட் இலக்கம், ஒவ்வொரு முறையும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுத்தையும் பட்டன்களையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் என் லப்டொப் திரையில் 150 வீதம், பக்கத்து மொனிட்டரில் 100 வீதம். விண்டோவை ஒன்றிலிருந்து மற்றதுக்கு இழுத்தால் நடுவில் நின்று வீங்குகிறது, சுருங்குகிறது, மறுபடி வீங்குகிறது. ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்கினால் சட்டம் மட்டும்தான் வளர்கிறது. கோட் எடிட்டர் பழைய அளவிலேயே நிற்க, மிச்சமெல்லாம் கறுப்பு. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டன்களை அடுக்கித் திரையை வடிவமைக்கும் ஃபோர்ம் டிசைனரைத் திறந்து, ஒன்றையும் தொடாமல் சேவ் பண்ணினாலே பட்டன்கள் எல்லாம் ஒன்றரை மடங்காகி ஃபைலில் பதிவாகின்றனவே, அதற்கு என்ன பதில்?

இதைக் கேட்டதற்குத்தான் உங்கள் ஹொட்லைன் தம்பி சொன்னார்: "ட்ரிங்கோவுல வோல்டேஜ் சரியில்ல போல அண்ணே, அதான் ஸ்கிரீன் ஆடுது." லப்டொப் பற்றரியில் ஓடுகிறது என்றேன். "அப்ப பாவிக்கத் தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டுங்க" என்று வைத்துவிட்டார். என்னிடம் கோடிங் படித்த பிள்ளைகள் இன்று கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். எனக்குப் பாவிக்கத் தெரியாதாம்!

திரைக்குத் திரை வெவ்வேறு ஸ்கேலிங் என்பது 2013இல் விண்டோஸ் 8.1 உடன் வந்தது. விண்டோ திரை மாறும்போது புதிய டிபிஐயையும் (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) அதற்குப் பொருத்தமான விண்டோ அளவையும் விண்டோஸே அனுப்பி வைக்கிறது. உங்கள் டூல் அதை எடுக்காமல் தானே ஒரு கணக்குப் போடுகிறது என்பதுதான் என் சந்தேகம். அந்தக் கணக்கால் விண்டோ பழைய திரைப்பக்கம் சாய, திரும்பவும் அதே செய்தி வர, ஆட்டம் நிற்காது. இதைத் தேட வேண்டியது காசு கட்டிய நானா? நீங்கள் சொன்ன தீர்வுகளையும் செய்து பார்த்தேன். இரண்டையும் 100 வீதமாக்கினால் லப்டொப்பில் எழுத்து எறும்பு மாதிரி. கம்பாட்டிபிலிட்டி செட்டிங்கில் ஸ்கேலிங்கை விண்டோஸிடம் விட்டால் எல்லாம் மங்கல்.

நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். மொனிட்டரையும் கேட்டீர்கள். 250 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ்ஸில், மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பொறியியலாளர் லீவு. சரி, யாராவது பாருங்கள் என்றால், இணைக்க எச்.டி.எம்.ஐ. வயர் இல்லையாம். ஒரு சொப்ட்வெயார் கொம்பனியில்!

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களுக்கு புக்கிங் புரோகிராம் செய்வதுதான் என் தொழில். மே மாதம் சீசன் தொடங்கமுன் கொடுக்க வேண்டியது. வீங்கிய பட்டன்களோடு எதைக் கொடுப்பது? அவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். லட்சக்கணக்கில் நட்டம், குச்சவெளி வரைக்கும் என் பெயர் நாறிப்போனது, இந்த வருடமே முடிந்தது.

உங்கள் டூலைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. கோடில் பிழை கண்டுபிடிக்க உதவும் அந்த டிபகருக்காகவே இத்தனை காலமும் விடாமல் இருக்கிறேன். தயவுசெய்து இதைத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். 14 நாட்களுக்குள் திருத்திய பதிப்போ, வருடக் கட்டணமோ என் கைக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடுவேன். உங்கள் சாட் பதில்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்.

விண்டோ ஆடும் வீடியோவை இத்துடன் பென்டிரைவில் இணைத்துள்ளேன். திரும்பவும் டிக்கெட் திறக்கச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டணம் செலுத்திய பாவனையாளர்,
உப்புவெளி, திருகோணமலை.