மாலை மங்கினால் 65: தாஸ்மேனியச் சாலை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான இந்தத் தாஸ்மேனியாவில், எங்கள் வடமேற்குப் பகுதிச் சாலையில் ஒரு பெண் டெவில் (தாஸ்மேனிய டெவில் எனும், குட்டியை வயிற்றுப்பையில் சுமக்கும் ஊனுண்ணிப் பிராணி) அடிபட்டுச் செத்தது. உங்கள் பதிவேட்டில் அது ஒரு வரியாக ஏறியிருக்கும். அந்த வரியில் இல்லாததைச் சொல்லத்தான் இந்த மடல். இரவுப் பணி முடிந்து இதே சாலைகளில் வீடு திரும்பும் நம்மவர்களும் படிக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

அதன் வயிற்றுப்பை காலியாக இருந்தது. ஆனால் மூன்று காம்புகளில் பால் கட்டியிருந்தது. அதாவது, மூன்று குட்டிகள் எங்கோ ஒரு வளையில் தாய்க்காகக் காத்துக்கொண்டிருந்தன.

டெவில் எப்படிக் குட்டி வளர்க்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 21 நாள் கர்ப்பம். அரிசிமணி அளவில் இருபது, முப்பது குட்டிகள் பிறக்கும். தாய்க்கு இருப்பதோ நான்கே காம்புகள். முந்திக் கவ்விய நான்குக்குத்தான் உயிர். நான்கு மாதம் போலப் பையிலேயே சுமந்துவிட்டு, அப்புறம் வளையில் விட்டு, இரவெல்லாம் இரை தேடிவிட்டு வந்து பால் கொடுக்கும். இந்த அக்டோபர் மாதம் சரியாக அந்தக் கட்டம். வளை, வாம்பட் எனும் வளைதோண்டிப் பிராணி தோண்டிய பழைய பொந்தாக இருக்கலாம், மரவேரடியாக இருக்கலாம், புதருக்குள் இருக்கலாம். நாங்கள் சிலர் டார்ச் எடுத்துக்கொண்டு தேடினோம். கிடைக்கவில்லை. அந்தக் குட்டிகள் எந்தக் கணக்கிலும் வராது. சாலையில் கிடந்தது ஒன்று என்றுதான் எழுதப்படும்.

அது ஏன் சாலைக்கு வந்தது? பகலில் யாரோ வண்டியில் அடித்துப்போட்ட வாலபி (சிறு கங்காரு வகை) அங்கேயே கிடந்தது. செத்ததைத் தின்பது டெவிலின் வேலை. எலும்பு, தோல், மயிர் எதையும் மிச்சம் வைக்காது. தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை அரைமணி நேரத்தில் தின்றுவிடக் கூடியது. தின்னும்போது வண்டிச் சத்தத்துக்கு விலகுவதில்லை. உடம்போ கறுப்பு, சாலையும் கறுப்பு. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது கண்ணில் படும்போது பிரேக் போட இடம் இருக்காது. ஓட்டுநரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அந்த வேகத்தை அனுமதித்தது நீங்கள்.

மஞ்சள் பலகைகள் வைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. மாலை மங்கியதிலிருந்து விடியும்வரை 65 கிலோமீட்டர் வேகம் என்று சில இடங்களில் எழுதியும் இருக்கிறது. அது வெறும் அறிவுரை. யாரும் மதிப்பதில்லை, மதிக்காதவர்களை யாரும் கேட்பதுமில்லை. அதைச் சட்டமாக்குங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வேகம் குறைந்தால் பலன் உண்டா என்று மறுபடியும் ஆய்வு நடத்த வேண்டாம். 1990களில் கிரேடில் மலைச் சாலையை நன்றாகப் போட்டதும் வண்டிகள் பறந்தன. அந்தப் பகுதி டெவில்கள் ஏறக்குறைய பாதியாகின. கிழக்கத்திய குவோல்கள் (டெவிலைவிடச் சிறிய ஊனுண்ணும் பைப்பாலூட்டிகள்) அங்கே அடியோடு இல்லாமல் போயின. வேகத்தைக் குறைக்கச் சாலையிலேயே தடைகள் வைத்த பிறகுதான் குவோல்கள் திரும்பத் தலைகாட்டின. இது நடந்தது உங்கள் சாலையில்.

டெவில்களைத் தாக்கும் முகக்கட்டிப் புற்றுநோய் 1996இல் மாநிலத்தின் வடகிழக்கில் தெரியவந்தது. ஒன்றையொன்று கடிக்கும்போது தொற்றிப் பரவி, டெவில்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் அழித்துவிட்டது. அந்த நோய்க்கு முழு மருந்து இன்னும் இல்லை. அதற்காக யாரையும் கோபிக்க முடியாது. நோய்க்குத் தப்பிய தாயை வண்டியில் அடித்துக் கொல்வதைத் தடுக்க மருந்து தேவையில்லை, ஒரு அரசாணை போதும். ஐந்தாறு வருடமே வாழும் பிராணி அது. ஒரு தாயை இழந்தால் எத்தனை ஈற்று போய்விடுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

2015இல் டெவிலை மாநில விலங்கு என்று அறிவித்தீர்கள். தேசியப் பூங்காச் சின்னத்தில் அதன் முகம், கால்பந்து அணிக்கு அதன் பெயர், விமான நிலையக் கடையில் அதன் பொம்மை. சுற்றுலா விளம்பரத்துக்கு அது வேண்டும். அது உயிரோடு சாலையைக் கடக்க மட்டும் ஐந்து நிமிடம் தாமதிக்க யாருக்கும் மனமில்லை. புலி என்று பெயர் பெற்ற இன்னொரு ஊனுண்ணும் பைப்பாலூட்டியான தாஸ்மேனியப் புலியில் கடைசியானது 1936இல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது அதே வருடம்தான். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பெரிய ஊனுண்ணும் பைப்பாலூட்டி இந்த டெவில்தான். இதற்கும் அதே தாமதமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதல்ல. டெவில்கள் அடிபடுவதாக உங்களுக்கே தெரிந்த சாலைப் பகுதிகளில், மாலை மங்கியதிலிருந்து விடியும்வரை 65 என்பதைச் சட்டப்படியான வேகமாக்குங்கள். பகலில் அடிபட்டுக் கிடப்பவற்றை இருட்டுவதற்குள் சாலையிலிருந்து தள்ளி அப்புறப்படுத்த ஆள் போடுங்கள். டிசம்பர், ஜனவரியில் இந்த வருடத்துக் குட்டிகள் வளையை விட்டுத் தனியாகக் கிளம்பும். சாலையை அறியாத அவைதான் அதிகம் அடிபடும். அதற்குள் உத்தரவு வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் முடிவதற்குள் ஒரு பதிலாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
வடமேற்குத் தாஸ்மேனியாவில் வசிக்கும் ஒரு தமிழர்