வண்டிகளை எண்ணினால் மட்டும் போதுமா? நீலகிரியின் கோடைக்காலம் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறைக்கும் நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024ஆம் ஆண்டு மே 7 முதல், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் வருவோர் இ-பாஸ் பெற்ற பிறகே மலையேற வேண்டும் என்ற நடைமுறை வந்தது. முதலாண்டில் அது எத்தனை வண்டிகள் வருகின்றன என்று கணக்கெடுக்கும் ஏற்பாடாகவே இருந்தது. 2025 மார்ச்சில்தான் நீதிமன்றம் வரம்பு கட்டி, ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் நிர்ணயித்தது. சீசன் நாட்களில் ஆம்புலன்ஸுக்குக்கூட வழி கிடைக்காமல் தவிக்கும் சாலைகளின் ஓரத்தில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஆறுதலான ஆணை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் எத்தனை வண்டிகள் வரலாம் என்று நீதிமன்றம் சொல்லலாம். வண்டியில்லாமல் வருவதற்கு வழி செய்து கொடுப்பது அரசின் கையில்தான் இருக்கிறது. அந்த இரண்டாவது வேலை நடக்க வேண்டிய அளவுக்கு நடக்கவில்லை என்பதே இம்மடலின் முறையீடு.

8,000 என்ற எண்ணைச் சற்று விரித்துப் பாருங்கள். ஒரு கார் ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், இடைவெளியே விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் 8,000 கார்கள் 32 கிலோமீட்டருக்கு நீளும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான மலைச்சாலையின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லா வண்டிகளும் அந்த வழியாகவே வருவதில்லை, கூடலூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் வருகின்றன என்பது உண்மை. எந்த வழியாக வந்தாலும் அவை கடைசியில் நிற்க இடம் தேடுவது ஊட்டி நகரத்தின் அதே சில தெருக்களில்தான். காருக்கு நால்வர் என்று கொண்டால், அந்த 8,000 கார்களில் வருவோர் 32,000 பேர். அதே 32,000 பேரை 50 இருக்கைகள் கொண்ட பேருந்துகளில் ஏற்றினால் 640 நடைகள் போதும். புகையைப் பற்றிப் பேசினாலும், எரிபொருளைப் பற்றிப் பேசினாலும், நெரிசலைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கணக்கைத் தாண்டி வேறு ஆய்வு தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பர்லியாற்றுக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும் வரிசையும், இறங்குகிற பக்கம் பிரேக் கருகும் வாடையும் அறியாதவர் இந்த மாவட்டத்தில் இல்லை. ஊட்டிக்குப் போய்வந்தோம் என்று சொல்பவர்களில் பலர் அதிக நேரம் பார்த்தது முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தைத்தான்.

வரம்பு கட்டியதும் எதிர்ப்பு வந்தது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் இங்குள்ள வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களைச் சூழல் அக்கறை இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நியாயமன்று. வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் விற்பவரும், வாடகைக் கார் ஓட்டுபவரும், இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக மாற்றிக் கடன் கட்டிக்கொண்டிருப்பவரும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைக் கோடை சீசனில்தான் ஈட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய பிழைப்பு வந்திறங்கும் மனிதர்களைப் பொறுத்தது. வந்து நிற்கும் வண்டிகளைப் பொறுத்ததன்று. காரை மட்டும் தடுத்து, வேறு வழியைக் காட்டாமல் விட்டால் காரோடு சேர்ந்து விருந்தினரும் திரும்பிப் போய்விடுகிறார். காருக்குப் பதிலாகப் பேருந்தை வைத்தால் வணிகருக்கும் இழப்பில்லை, மலைக்கும் பாரமில்லை. இதில் சட்டச் சிக்கலும் இல்லை. அரசுப் பேருந்துகளுக்கு இ-பாஸ் வேண்டியதே இல்லை என்று தொடக்கத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இந்த விலக்கைச் சென்னையிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் இருப்பவர்களுக்குப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தியிருக்க வேண்டாமா?

மலை ரயிலை இதற்கு விடையாகச் சிலர் முன்வைக்கிறார்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்து சேர்ந்த, 46 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை எங்களுக்கெல்லாம் பெருமைதான். 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மலையடிவாரத்திலுள்ள கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, தண்டவாளங்களின் நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு மெல்ல ஏறும் அந்தச் சில பெட்டிகளால் கோடைக் கூட்டத்தைச் சுமக்க முடியாது, சுமக்கச் சொல்லவும் கூடாது. நமக்குப் பயன்படக்கூடியது அதற்குக் கீழே இருக்கிற ரயில். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிடுகிறது. மலை ரயிலில் இடம் கிடைக்காத பயணி அங்கே இறங்கியதும், குழந்தைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, பேருந்து எப்போது வரும், நிற்கவாவது இடம் இருக்குமா என்று தெரியாமல் நிற்கும்போது, அடுத்த முறை சொந்தக் காரிலேயே வந்துவிடலாம் என்று முடிவெடுக்கிறார். அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மேட்டுப்பாளையத்திலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சமவெளியிலேயே காரை நிறுத்திவிட்டுப் போகப் பாதுகாப்பான, போதிய இடமுள்ள பார்க்கிங் வேண்டும். அங்கிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் அதிகாலை முதல் இரவு வரை குறுகிய இடைவெளியில், முன்பதிவு செய்யக்கூடிய இருக்கைகளுடன், மலை வளைவுகளுக்கு ஏற்ற சிறிய பேருந்துகள் ஓட வேண்டும். அவற்றில் பெட்டி வைக்க இடம் இருக்க வேண்டும். மேலே வந்த பிறகு தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, சிம்ஸ் பூங்கா, கோடநாடு காட்சிமுனை ஆகியவற்றைச் சுற்றிவர, அதே பயணச்சீட்டே செல்லுபடியாகட்டும். சீசனில் ஊட்டிக்குள் சுற்றுப் பேருந்துகள் விடுகிறீர்கள் என்பதை அறிவேன். ஆனால் காரில் மலையேறி வந்துவிட்டவரிடம் காரை ஓரங்கட்டிவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள் என்று சொல்வது காலம் கடந்த அறிவுரை. அந்த முடிவை அவர் கல்லாற்றுக்குக் கீழே இருக்கும்போதே எடுக்க வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு ஒரு பாஸ் கிடைக்கிறது என்றால், கார் இல்லாமல் வருபவருக்கு அதைவிட ஒரு படி கூடுதலான சலுகை கிடைக்க வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தால்கூட மக்கள் அதைக் கவனிப்பார்கள்.

இன்னொரு செய்தியை வருத்தத்துடன்தான் எழுதுகிறேன். கூட்டத்தை மே மாதத்தில் குவிப்பதில் அரசுக்கே பெரும் பங்கு இருக்கிறது. 1848இல் உருவான ஊட்டித் தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி, கோத்தகிரியின் காய்கறிக் கண்காட்சி, கூடலூரின் வாசனைப் பொருட்கள் கண்காட்சி என்று எல்லாமே கோடை விழா என்ற பெயரில் அந்தச் சில வாரங்களுக்குள்ளேயே அடுக்கப்படுகின்றன. 2024இல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது மே 7. 126ஆவது மலர்க் கண்காட்சி தொடங்கியது மே 10. ஊரெல்லாம் பந்திக்கு அழைத்துவிட்டு, இலை போட்ட பிறகு வாசலில் நின்று ஆள் எண்ணுவது போன்றது இது. பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது, கோடை வெயிலையும் மாற்ற முடியாது; அவையே போதுமான கூட்டத்தைக் கொண்டுவந்துவிடும். விழாக்களில் சிலவற்றையாவது செப்டம்பரில் தொடங்கும் இரண்டாம் சீசனுக்கும், மழை ஓய்ந்த பிறகு புல்வெளிகளில் உறைபனி படியும் ஜனவரிக்கும் நகர்த்த முடியும். அப்போது பள்ளிக் குழந்தைகள் இல்லாத குடும்பங்களும் ஓய்வு பெற்றவர்களும் வருவார்கள். விடுதிகள் ஆண்டில் இன்னும் சில மாதங்கள் நிறையும்.

மே மாதம் யானைகளுக்கும் முக்கியமான மாதம் என்பதை வனத்துறை உங்களுக்குச் சொல்லியிருக்கும். பர்லியாறு, குஞ்சப்பனைப் பகுதிகளில் பலா பழுக்கத் தொடங்கும்போது சமவெளிக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் மேலேறுகின்றன. குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் சீசன் நேர ஒருவழிப் போக்குவரத்து, இந்த இரண்டு இடங்களையும் ஊடறுத்துத்தான் ஓடுகிறது. சாலையைக் கடக்க நிற்கும் யானையைக் கண்டதும் காரை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பவர்களை எத்தனை பலகைகள் வைத்தும் தடுக்க முடியவில்லை. பேருந்தின் ஓட்டுநர் உள்ளூர்க்காரராகவும், வழியில் எங்கும் நிறுத்தாதவராகவும் இருப்பார் என்பதே இதில் பாதித் தீர்வு.

குப்பையைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. அதில் இந்த மாவட்டம் மாநிலத்துக்கே முன்னோடி. 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கே கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. 2022 மே மாதம், காலி மதுப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்ற டாஸ்மாக் திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததும் நீலகிரியில்தான். தேயிலைத் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் உடைந்து கிடந்து, தொழிலாளர் காலையும் விலங்குகளின் காலையும் கிழித்த புட்டிகள் கண்ணெதிரே குறைந்தன. தண்டனையைவிடப் பத்து ரூபாய் நன்றாக வேலை செய்கிறது என்ற அந்தப் பாடத்தைப் பிற பொட்டலங்களுக்கும் விரிவாக்குங்கள். குடிநீர்ப் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் பறித்துக்கொண்டால், அடுத்த சில கிலோமீட்டருக்குள் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம் இருக்க வேண்டும்; குடிநீர் ஏடிஎம்கள் சீசன் முழுவதும் பழுதின்றி இயங்கினால்தான் அந்தத் தடைக்கு மரியாதை.

தண்ணீர் குறித்துத்தான் என் கவலை கூடுதல். ஊட்டி நகரம் பெரிதும் நம்பியிருப்பது பார்சன்ஸ் வேலி அணையை. சோலைகளும் புல்வெளிகளும் மழைக்காலத்தில் உறிஞ்சி வைத்திருப்பதை ஊற்றுகளாகக் கசியவிட்டுத்தான் கோடையில் நீர் தருகின்றன. அயல்நாட்டு மரங்களான சீகையும் (வாட்டில்) யூகலிப்டஸும் அடைத்துக்கொண்ட சரிவுகளில் அந்த ஊற்றுகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றன. நீர் மிகக் குறைவாக இருக்கும் அதே மாதங்களில்தான் ஒவ்வொரு விடுதியிலும் வாளி வாளியாக வெந்நீர் செலவாகிறது. பயன்படுத்தப்பட்ட நீர் எங்கே போகிறது என்று விருந்தினர்கள் கேட்பதில்லை. குன்னூர் நகரத்தின் கழிவைச் சுமந்து ஓடும் ஆறு கடைசியில் பவானியில்தான் சேர்கிறது. ஆக, மேலே விட்டுவிட்டு வந்தது கீழே குடிநீராகத் திரும்பி வருகிறது. விடுதிகளுக்கு உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதி இருக்கிறதா என்பதை அறைகளின் எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வியாக வையுங்கள். அனுமதியில்லாத காட்டேஜ்களை இணையத்தில் விளம்பரப்படுத்துவோர் மீதும் இதே கண்டிப்பு வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பதிலாக நுழைவுக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்திவிடலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது கேட்கிறது. தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். பணம் படைத்தவரின் பெரிய வண்டி கட்டணத்தைக் கட்டிவிட்டு மேலே வந்துவிடும். திருப்பூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ ஆண்டுக்கொருமுறை பேருந்தில் வரும் தொழிலாளர் குடும்பம்தான் கீழே நின்றுவிடும். அந்தக் குடும்பமே இந்த மலைக்கு மிகக் குறைந்த பாரத்தைத் தரும் விருந்தினர். முன்னுரிமை தர வேண்டுமென்றால் தங்கும் நாட்களுக்குத் தாருங்கள். இ-பாஸ் விண்ணப்பத்திலேயே எத்தனை நாள் தங்கப்போகிறார்கள் என்று கேட்கிறீர்கள். காலையில் வந்து மாலையில் இறங்கும் காரும் நான்கு நாள் தங்கும் காரும் மலையேறி இறங்கச் செலவழிக்கும் எரிபொருள் ஒன்றே, ஆனால் உள்ளூரில் விட்டுச்செல்லும் வருமானம் ஒன்றல்ல. வார இறுதி ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை நீண்ட நாள் தங்குவோருக்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

மலையின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் அளிக்கப்பட்டிருக்கிறது. அறிக்கையின் முடிவு எதுவாக இருப்பினும், இதுவரை இ-பாஸ் வழியாகத் திரட்டிய விவரங்களை, தனிநபர் அடையாளங்களை நீக்கிவிட்டு, எங்கிருந்து எத்தனை வண்டிகள், எந்த நாளில், எத்தனை பேருடன் வந்தன என்ற அளவிலேனும் பொதுவெளியில் வெளியிடுங்கள். எந்த ஊர்களிலிருந்து நேரடிப் பேருந்து விட வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. அடுத்த கோடை விழாவின் தேதிகளை முடிவு செய்யும் கூட்டத்திலேயே மேட்டுப்பாளையம் பேருந்துகளின் கால அட்டவணையும் முடிவாகி, இரண்டும் ஒரே அறிவிப்பில் வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூர்வாசி ஒருவர்