மலைச் சைக்கிளும் மகள்ட கல்யாணமும்

பேர்ண், சுவிஸ்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நான் இஞ்ச சுகமா இருக்கன். அம்மா, மச்சான், உன்ட மகள், சின்னவன் எல்லாரும் சுகமா இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுறன்.

கல்லடி மாமிட மகன் லீவு முடிஞ்சு வரக்குள்ள கொண்டுவந்த பார்சலும் உன்ட கடிதமும் கைக்குக் கிடைச்சது. கறித்தூளைப் போத்தலில அடைச்சு வெச்சிட்டன். அரிசிமாவில நேத்துப் பிட்டு அவிச்சு, கருவாட்டுக் குழம்போட சாப்பிட்டன். கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறன். நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மலையில நிக்கிற படத்தை மகள் ஃபோன்ல காட்டின நாளில இருந்து அம்மா சரியாச் சாப்பிடுறல்ல எண்டு எழுதியிருக்காய். "அறுபத்தொரு வயசில காட்டுக்குள்ள என்ன சைக்கிள் ஓட்டம்?" எண்டு நீயும் கேட்டிருக்காய். ஃபோன்ல சொல்லப் போனா அம்மா அழத் தொடங்கிருவா, விசயம் முடியாது. அதால ஆறுதலா இருந்து எழுதுறன். மச்சானுக்கும் வாசிச்சுக் காட்டு. சைக்கிள் கடை நடத்துறவருக்கு இதில பாதி சொல்லாமலே விளங்கும்.

மேல் மாடியில இருக்கிற கிழவரைப் பத்தி முந்தி சொல்லியிருக்கன், தபால் கந்தோரில வேலை செஞ்சு பென்சன் எடுத்தவர். அவர்தான் இதுக்குக் காரணம். சனிக்கிழமை விடிய எழும்பி, படிக்கட்டில பழைய பேப்பரை விரிச்சு, சைக்கிளைத் தலைகீழா வெச்சு, செயினை ஒவ்வொரு கண்ணியா துணியால துடைப்பார். எண்ணெய் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. மிஞ்சினதை மறுகா துடைச்சு எடுப்பார். சைக்கிள் ஓடுற சேட்டைக் கூட அயன் பண்ணித்தான் போடுவார். ரெண்டு வசனத்துக்கு மேல கதைக்க மாட்டார். என்ட மனுசி, உன்ட மச்சாள், எங்களை விட்டுப் போன அந்த மாசம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்னல் போட்ட பாண் ஒண்டை என்ட கதவுப் பிடியில கொழுவிட்டுப் போயிருவார். கதவைத் தட்டினது இல்ல, ஒண்டும் கேட்டதும் இல்ல. பிறகு ஒரு நாள் நிலவறைக்குக் கூட்டிப் போய், சும்மா நிண்ட தன்ட பழைய மவுண்டன் பைக்கைக் காட்டினார். புதுச் சைக்கிள் எண்டா நினைச்சும் பாக்க ஏலாத விலை. இவர் தந்த விலையைச் சொன்னா மச்சான் நம்ப மாட்டார்.

நாங்க ஓடுற மலைக்குக் குர்ட்டன் எண்டு பேர். உயரம் 858 மீட்டர்தான். எங்கட குடும்பிமலையை விட உயரம், ஆனா இந்த நாட்டில அதை மலை எண்டு ஆரும் மதிக்கிறல்ல. 1899ஆம் ஆண்டில இருந்து அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையில கம்பி இழுக்கிற ரயில் ஓடுது. சைக்கிளையும் அதில ஏத்தலாம். மேல இருந்து காட்டுக்குள்ளால சைக்கிளுக்கெண்டே வெட்டின பாதை இறங்குது. அம்மா நினைக்கிற மாதிரி மலை விளிம்பில ஓடுறல்ல எண்டு சொல்லு. வேர் நிறைஞ்ச செங்குத்து இறக்கம் வந்தா நானும் கிழவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போறம். இளம் பொடியன்கள் பறப்பாங்கள், அவங்களுக்கு ஒதுங்கி வழி விடுறம். நடக்கிற சனம் வந்தா பெல் அடிச்சு, வேகத்தைக் குறைச்சு, வணக்கம் சொல்லிப்போட்டுத்தான் கடக்கிற. ஏத்தத்தில கதைச்சுக்கொண்டு மிதிக்க ஏலுமா இருக்கோணும், பேச்சு வராட்டி வேகம் கூட எண்டு டொக்டர் சொன்னதை விடாமல் பாக்கிறன்.

இப்ப மச்சானுக்கு. இது முன்னுக்கு மட்டும் ஸ்பிரிங் ஃபோர்க் உள்ள சைக்கிள், சில்லு 29 இஞ்சி. பிரேக் டிஸ்க், கம்பிக்குப் பதிலா குழாய்க்குள்ள எண்ணெய் ஓடுது, ஒரு விரலால அமத்தினாலே பிடிக்கும். டயர் ரெண்டே கால் இஞ்சிக்கு மேல அகலம். நீங்க கடையில பெருவிரலால அமத்திப் பாத்து அமுங்காமல் காத்தடிப்பீங்களே, இதுக்கு அப்பிடி அடிச்சா ஈர வேரில வழுக்கிரும். என்ட எடைக்கு 1.7 பார் அளவுதான் வைக்கிறன். டயர் மண்ணைப் பிடிக்கும், முதுகுக்கும் அடி குறையும். டியூப் இல்ல, உள்ளுக்கு ஒரு பால் ஊத்தினா சின்ன ஓட்டையைத் தானே அடைக்குது.

ஆனா மச்சான், சைக்கிளை விட அதில பூட்டுற சாமான்தான் எங்கட வயசுக்குப் பெரிய காரியம். உடம்பு படுற இடம் சைக்கிளில நாலுதான்: கை, இருக்கை, பாதம், கண். இருக்கிற காசை முதல்ல அதில போடோணும் எண்டு நான் ஆருக்கும் சொல்லுவன். கண்ணையும் சேர்த்துத்தான் சொல்லுறன். நான் போடுற கண்ணாடி கிட்டவும் தூரவும் ஒண்டாப் பாக்கிற வில்லை. அதில கீழ்ப்பக்கத்தால பாத்தா முன்சில்லுக்கு முன்னால கிடக்கிற கல் மங்கலாத் தெரியும். அதால தூரப்பார்வை மட்டும் உள்ள கண்ணாடி ஒண்டை ஓட்டத்துக்கெண்டு தனியா எடுத்தன். வெயிலில இருந்து மரநிழலுக்குள்ள பூந்தா கண் பழகவும் நேரம் எடுக்குது, அந்த இடத்தில பிரேக்கில விரல் இருக்கோணும்.

கையைப் பத்தி எழுதினா நீளும். தொடக்கத்தில ஓடி வந்த ராவுகளில மோதிர விரலும் சின்ன விரலும் விறைச்சுப் போகும். உள்ளங்கையில ஓடுற நரம்பு நசியிறதால வாற வருத்தம் அது. உள்ளங்கை பரந்து இருக்கத் தக்கதாச் சிறகு வெச்ச ரப்பர் கிரிப் ஒண்டு இருக்கு, அதை மாத்தி, பிரேக் பிடியைக் கொஞ்சம் கீழ சரிச்சு விட்டன். மணிக்கட்டு நேரா வந்திட்டு, விறைப்பும் போயிட்டு. ஊரிலயும் கடைக்கு வாற வயசு போனவங்க கை விறைக்குது எண்டு சொன்னா ஹாண்டிலை ஒருக்காப் பாருங்க. முக்கால்வாசி அங்கதான் பிழை.

இருக்கைக் கம்பியில ஒரு புதினம். ஹாண்டிலில பொத்தானை அமத்தி உக்காந்தா இருக்கை கீழ இறங்கும், மறுகா அமத்தினா மேல வரும். இளம் பொடியன்கள் இறக்கத்துக்கு எண்டு பூட்டுறாங்கள். எனக்கு அது ஏறி இறங்கத்தான் உதவுது. இடுப்பு இறுகின ஆளுக்குக் காலைத் தூக்கி அங்கால போடுறதுதானே பெரிய வேலை. இருக்கையை இறக்கிப்போட்டு ஏறினா ரெண்டு பாதமும் நிலத்தில நிக்கும், விழுற பயம் அரைவாசி அதிலயே போகும். கிழவர் தன்ட பழையதைக் கழற்றித் தந்ததால காசு போகல்ல. இருக்கையைப் பஞ்சு கூடினதா வாங்க வேண்டாம், குந்துற எலும்பின்ட அகலத்துக்குப் பொருத்தமா இருந்தாக் காணும். பெடல் தட்டையானதுதான், பாதத்தைப் பூட்டுற சாதி எனக்கு வேண்டாம். கால் உடன நிலத்துக்கு வரோணும்.

ஹெல்மெட்டில மட்டும் காசு பாக்கல்ல. பின்மண்டை வரைக்கும் மூடுறது, உள்ளுக்கு அசையிற ஒரு படை இருக்கு, சரிஞ்சு விழுந்தா மண்டை திருகுறதைக் குறைக்கிறதுக்கு. ஒரு அடி பட்டா வெளிய வெடிப்புத் தெரியாட்டியும் அதை மாத்திப்போடோணும். மெல்லிய முழங்கால் காப்பும் முழுவிரல் கையுறையும் எப்பவும் போடுறன். பையில தண்ணி, காத்தடிக்கிற சின்னப் பம்ப், ஆணி இறுக்குற சாவிக் கூட்டம். இதோட குளுக்கோஸ் கட்டியும் கிடக்கும். சீனி வருத்தக்காரன் மிதிக்கப் போனா சீனி சட்டெண்டு இறங்கலாம், அதுக்குத்தான். கெமரா, வேகம் காட்டுற பெட்டி, மின்னுற உடுப்பு எண்டு கடையில அடுக்கி வெச்சிருக்காங்கள். ஒண்டும் வாங்கல்ல, தேவையும் இல்ல. பட்டறி சைக்கிள் இஞ்ச இப்ப கூட. 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் மோட்டர் கூட மிதிச்சுத் தரும். என்ட காலுக்கு வேலை வேணும், எனக்கு இதே காணும்.

நேரம் எங்கால எண்டு கேக்காத. ஹோட்டலில இப்ப எனக்கு அரைநாள் வேலைதான் தாறாங்கள். வயசுக்கு அது நல்லம், ஓய்வும் கிடைக்குது. தம்பியாரும் சூரிச்சில வேலை கூட எண்டு வாறது குறைவு, ஆனா ஃபோன் எடுப்பான். ஞாயிறு பின்னேரம்தான் வீடு கொஞ்சம் நீளம். அதுக்குச் சைக்கிள் உதவுது.

சித்திரை மாசம் அந்தக் காடு முழுக்க உள்ளி மணக்கும். காட்டு உள்ளி எண்டு ஒரு இலை, மரத்தடி எல்லாம் பச்சையா விரிஞ்சு கிடக்கும். அதைப் போலவே தெரியிற நஞ்சு இலையும் இருக்கு. ஒவ்வொரு இலையையும் கசக்கி மணந்து பாத்துத்தான் பிடுங்கோணும் எண்டு கிழவர் பழக்கினார். கொண்டுவந்து தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினன். முருங்கை இலைச் சுண்டலுக்குக் கிட்ட வந்தது. கிழவருக்கும் ஒரு கிண்ணம் குடுத்தன், கிண்ணத்தைக் கழுவித் துடைச்சுத் திருப்பித் தந்தார்.

இப்ப குளிர் தொடங்கிட்டு. விடிய பனிப்புகார் இறங்கினா எதிர்க் கட்டடம் தெரியா. அங்க மாரியில வாடைக்காத்துக்கு அம்மா போர்வை தேடுவா, இது அந்தக் குளிர் இல்ல, விரல் நகத்துக்குள்ள பூந்து நிக்கும். புகார் இல்லாத நாளில மலை உச்சியில நிண்டா ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் எண்டு மூண்டு பனிமலையும் வரிசையாத் தெரியும். வடிவுதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அங்க குந்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக்குள்ள எனக்கு நேரம் பத்து, உங்களுக்கு ஒண்டரை. அம்மா சோத்துக்கு இருக்கிற நேரம். இண்டைக்கு என்ன கறியோ, ஒட்டி மீன் பாலாணமோ, ஆர் பக்கத்தில இருந்து முள்ளு எடுத்துக் குடுக்கிறாங்களோ எண்டு நினைப்பு ஓடும். பிறகு பனிமலை கண்ணில படாது. முத்தத்தில குந்தி, மட்டக்களப்பு எருமைத் தயிரைச் சட்டியோட வெச்சு ஒரு பிடி சாப்பிட்டு எத்தனை காலம் புள்ள. அப்பா ரலி சைக்கிளில நெல்லு மூட்டையைக் கட்டிக்கொண்டு மண்முனையில பாதை எண்டு சொல்லுற மிதவையில ஏறி வாவியைக் கடந்து வருவார், நான் பாரில குந்தியிருப்பன். இப்ப 2014இல கட்டின பாலத்தால மோட்டர்சைக்கிள் பறக்குது எண்டு சின்னவன் சொல்லுறான். அந்த ரலி கொட்டிலுக்குள்ள கிடக்குத்தானே? இரும்புக்காரனுக்குக் குடுத்திராதீங்க. வந்தா அதில ஏறிக் கொக்கட்டிச்சோலைக்கு மிதிச்சுப் போய்த் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடோணும். அதுக்குக் கால் ஓடோணும், அதுக்குத்தான் இந்த மலையும் மிதியும். இதை அம்மாக்கு அப்பிடியே வாசி.

சரி, மகள்ட கல்யாண விசயம். செட்டிபாளையத்து மாப்பிள்ளை பகுதி தைக்கு முந்தி வீட்டுக்குக் கூரை ஏறோணும் எண்டு கேட்டது நியாயம்தான். எங்கட ஊர் வழக்கத்தில பொம்பிளப்பிள்ளைக்கு வீடு குடுக்காமல் கல்யாணம் இல்ல. அம்மாட வீடு உனக்கு வந்த மாதிரி இது அவளுக்கு. கூரைக்குச் சீட் போடுவமா ஓடு போடுவமா எண்டு கேட்டிருக்காய். ஓடுதான் போடு, கச்சான் காத்துச் சுடுற காலத்தில சீட்டுக்குக் கீழ இருக்க ஏலாது. காசை ரெண்டு தரமா அனுப்புறன். இப்ப அனுப்புறது மரத்துக்கும் தச்சனுக்கும் காணும். மார்கழியில எங்களுக்குப் பதின்மூண்டாம் மாசச் சம்பளம் எண்டு ஒண்டு வரும், மிச்சம் அதில. அதுக்கு முந்தி வட்டிக்கு மட்டும் எடுக்க வேண்டாம், சொல்லிப்போட்டன். நகையையும் ஈடு வைக்காத.

வெல்லாவெளி வட்டையில, எங்கட வயலில, மச்சான் இந்தப் பெரும்போகமும் தானே விதைக்கிறார் எண்டு கேள்விப்பட்டன். யானை இறங்குற இடத்தில ராக்காவலுக்குத் தனியப் போக விடாத. என்னட்ட தலையில கட்டுற லைட் ஒண்டு கிடக்கு, சைக்கிளுக்கு எண்டு வாங்கினது. ராவில காட்டுக்குள்ள ஓடினா மிருகங்களுக்கு இடைஞ்சல் எண்டு நாங்க ஓடுறல்ல. ஆயிரம் லூமன் வெளிச்சம், வரம்பின்ட அந்தக் கரை வரைக்கும் தெரியும். அடுத்த முறை ஆரும் வரக்குள்ள குடுத்து விடுறன். சார்ஜ் பண்ணுற வயர் உங்கட ஃபோனின்டதே பொருந்தும்.

அந்த வட்டையில என்ட பங்கு மூண்டு ஏக்கரையும் மகள்ட பேருக்கு எழுத முடிவெடுத்திட்டன். தம்பியாரோடயும் கதைச்சிட்டன், அவனுக்கும் சம்மதம். நான் வந்துதான் கையெழுத்து வைக்கோணும் எண்டா கல்யாணம் பிந்தும். அதால எனக்குப் பதிலா மச்சான் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதி, ஜெனீவாவில எங்கட தூதரகக் காரியாலயத்தில உறுதிப்படுத்தி அனுப்புறன். இதைப் பத்தி சித்தப்பாட்ட இப்ப ஒண்டும் மூச்சு விடாத, வரம்புப் பிரச்சினையை மறுகா கிளப்புவார். நொத்தாரிசிட்ட போய் என்ன என்ன வேணும் எண்டு மச்சானைக் கேட்டுவரச் சொல்லு. பழைய காணி உறுதியும் நில அளவைப் படமும் அம்மாட பெட்டகத்தில, சிவப்புத் துணியில சுத்திக் கிடக்கும். ரெண்டையும் படம் எடுத்து மகளை வட்ஸப்பில அனுப்பச் சொல்லு. அவள்ட முழுப்பேரையும் அடையாள அட்டையில உள்ள எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்போணும். அடுத்த கிழமைக்குள்ள கிடைச்சா நான் ஜெனீவாவுக்கு நாள் எடுக்கலாம்.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்