கதவை எப்போது சாத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் சீனப் பள்ளிக்குப் போகும் நம் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். டியூஷன் செலவு, சொல்வதெழுதுதல் பயம், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாதது எல்லாம் சரியாகவே இருந்தது. பெற்றோருக்கு உதவியாக என்று பக்கத்தில் பத்து சீன எழுத்துகளை அச்சிட்டிருந்தீர்களே, அதில்தான் எனக்குக் குறை. எழுத்து இருக்கிறது, எந்தக் கோட்டை முதலில் போடுவது என்று இல்லை.

அதனால் என்ன, தமிழில் ‘ட’வைக் கீழிருந்து இழுத்தாலும் அது ‘ட’தானே என்பீர்கள். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஈப்போவில் கடைப் பலகை எழுதிப் பிழைத்தவன் நான். மலாயும் தமிழும் கைபோன போக்கில் வரும். சீனம் மட்டும் தவுக்கே, அதாவது சீனக் கடை முதலாளி, கொடுக்கும் துண்டுச் சீட்டைப் பார்த்துப் பெரிதாக்கி, ஓரம் வரைந்து, உள்ளே சாயம் நிரப்புவேன். யாரும் குறை சொன்னதில்லை. ஒருமுறை ஒரு கோப்பிக் கடைக்கு அவசரமாக விலைப்பட்டியலைத் தூரிகையால் நேரடியாகவே எழுதிக் கொடுத்தேன். தவுக்கே பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது எழுதினது இல்ல, வரைஞ்சது” என்றார். எல்லாக் கோடும் இருக்கிறதே என்றேன். “இருக்கு. ஆனா கை தப்பான பக்கத்திலேருந்து வந்திருக்கு” என்றார். காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்னதைப் புரியவைத்தவன் என் பேரன். சீனப் பள்ளியில் முதலாம் ஆண்டு. வாய் என்று பொருள்படும் ‘கோவ்’ வெறும் சதுரம்தானே என்று அவன் கட்ட நோட்டில் நாலு கோடு போட்டேன். “மூணுதான் தாத்தா” என்றான். இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒன்று, மேல்கோட்டையும் வலப்பக்கத்தையும் கையெடுக்காமல் மடித்து ஒன்று, கடைசியில் அடிக்கோடு. நாட்டைக் குறிக்கும் ‘குவோ’வுக்கும் சுற்றிலும் சதுரம் உண்டு. ஆனால் மூன்று பக்கத்தைப் போட்டு, உள்ளே இருப்பதை எழுதி முடித்த பிறகே அடிக்கோடு. ஆள் உள்ளே போன அப்புறம்தான் கதவைச் சாத்தணுமாம்.

ஒன்பது ‘ஜியு’, சக்தி ‘லி’. இரண்டுக்கும் இரண்டே கோடு, பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒன்பதில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் கோடு முதலில் வரும். சக்தியில் அதே கோடு கடைசி. அச்செழுத்தை மட்டும் பார்த்து எந்தத் தாத்தா இதைக் கண்டுபிடிப்பது?

வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எழுதிய வரிசையில்தான் ஒட்டும். வரிசை மாறினால் ஒட்டுகிற இடமும் மாறி, படிப்பவர் திணறுவார். தவுக்கே கண்டது அதைத்தான். கோட்டின் எண்ணிக்கை தப்பினாலும் சிக்கல், தெரியாத எழுத்தை அகராதியில் தேடுவதற்கு அந்தக் கணக்கு வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் அணிவகுத்து வந்ததும் இந்தக் கணக்கில்தான். வழக்கப்படி கிரீஸ் முதலில், அடுத்தது கினி. அதன் சீனப் பெயரின் முதல் எழுத்துக்கு இரண்டே கோடு. பதினைந்து கோட்டு எழுத்தில் தொடங்கும் ஆஸ்திரேலியா கடைசிக்குப் பக்கத்தில் வந்தது. டிவியில் பார்த்தபோது சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள் போல என்று நினைத்தேன்.

செயலி இருக்கிறதே என்றும் சிலர் சொல்வார்கள். மருமகள் ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாள். அரசன் என்ற ‘வாங்’குக்கு முதலில் ஒரு படுக்கைக் கோடு, உடனே நெட்டுக்கோடு என்று அது காட்டியது. பேரன் அப்படியே எழுதி, சிவப்பு மையோடு திரும்பினான். பள்ளியில் இரண்டு படுக்கைக் கோட்டுக்குப் பிறகே நெட்டுக்கோடு. விசாரித்தால் அது ஜப்பானியம் படிப்பவர்களுக்கான செயலி; அங்கே அதே எழுத்துக்கு வரிசை வேறு. சீனாவிலோ 8,105 எழுத்துகளுக்கு வரிசையை வரையறுத்து, 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்தில் சின்னதாக 1, 2, 3 என்று எண் போடுங்கள். இடம் போதாதென்றால் பத்து எழுத்து வேண்டாம், மூன்று போதும். வரைந்து தர ஆளில்லை என்றால் நான் தயார். பேரன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயர்ப்பலகை எழுத்தர்,
ஈப்போ